கனம் கீழே

அன்புள்ள ஐயா,

என் அப்பா தூத்துக்குடியில் தோணித் தண்டலாக, அதாவது சரக்கு ஏற்றும் பாய்மரப் படகின் தலைவராக, இருந்தவர். இப்போது 80 வயது. சாயங்காலமானால் பழைய துறைமுகக் கதைதான். அந்தக் காலத்தில் கப்பல் கரைக்கே வராது, நாங்கள் போய்த்தான் சரக்கை ஏற்றி இறக்குவோம் என்கிறார். இது எவ்வளவு தூரம் உண்மை? போனில் பதிவு செய்து வைத்திருக்கிறேன். ஆனால் புயலில் மாட்டியதைக் கேட்டால் நாலு வரியில் முடித்துவிடுகிறார். பஞ்சுப்பொதி அடுக்கியதை ஒரு மணி நேரம் சொல்கிறார். கொஞ்சம் சலிப்பாக இருக்கிறது. படிக்காதவர், கோர்வையாகச் சொல்லவும் வரவில்லை. இதை நாவலாக எழுத ஆசை. எங்கிருந்து தொடங்கலாம்? அப்பா தோணியில் போய்வந்த கொழும்பைப் பற்றி ஏதாவது நல்ல புத்தகம் சொல்ல முடியுமா?

அ., பெங்களூரு

அன்புள்ள அ.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் பேத்தியின் பாடப்புத்தகத்தில் வ.உ.சி. பாடத்தை அவளோடு உட்கார்ந்து படித்தேன். 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி, அடுத்த ஆண்டு காலியா, லாவோ என்று 2 கப்பல்கள், வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கியது, 1908-ல் சிறை, செக்கு. எல்லாம் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். அவள் ஒரு கேள்வி கேட்டாள்: "தாத்தா, கப்பல் எங்க நின்னுச்சு?" பாடத்தில் அதற்குப் பதில் இல்லை. உங்கள் அப்பாவிடம் இருக்கிறது.

அவர் சொல்வது முழு உண்மை. தூத்துக்குடிக் கரையோரம் ஆழம் குறைவு. பெரிய கப்பல்கள் ஏறக்குறைய 5 மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் படகிலோ தோணியிலோதான் போய்வர வேண்டும். வ.உ.சி. காலத்தில் அப்படி, அதற்கு முன்னாலும் அப்படி, உங்கள் அப்பா சிறுவனாகத் தோணியில் ஏறியபோதும் அப்படித்தான். 1974-ல் புதுத் துறைமுகம் திறந்த பிறகுதான் கப்பல் கரையை ஒட்டி வந்து நின்றது. அதற்காக ஏறக்குறைய 4 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலுக்குள் கல்லைக் கொட்டி இரண்டு அலைத்தடுப்புச் சுவர் கட்டினார்கள். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே இருந்த தூரத்தை அதுவரை தோணிக்காரர்கள் தோளால் கடந்துகொண்டிருந்தார்கள்.

நாவலைப் பற்றி இப்போது பேச வேண்டாம். கொழும்புப் புத்தகமும் வேண்டாம். உங்கள் வீட்டுத் திண்ணையில் கொழும்புக்குப் போய்வந்தவர் உட்கார்ந்திருக்கும்போது புத்தகம் எதற்கு?

சலிப்பாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. புயலைக் கேட்டால் நாலு வரியில் முடிக்கிறார் என்றால், அது அவருக்கு நாலு வரி விஷயம். பாயை இறக்கினோம், மாதாவைக் கூப்பிட்டோம், பிழைத்தோம். வேறென்ன சொல்வார்? புயல் அவரிடம் கேட்டுவிட்டு வரவில்லை. பொதி அடுக்கியது அவர் கையும் மூளையும் சேர்ந்து செய்த வேலை. மனிதன் தான் செய்ததைத்தான் விரிவாகச் சொல்வான். நீங்கள் சினிமாவில் பார்த்த கடலை அவரிடம் தேடுகிறீர்கள், கிடைக்காததால் சலிக்கிறீர்கள்.

எங்கள் தெருவில் ஒரு மாமா இருந்தார். அம்மாவுக்கு அண்ணன் முறை. தோணியில் கடைநிலை ஆளாகச் சேர்ந்து மேலே வந்தவர். மாலையில் வரும்போது கை ரோமத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும். கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தலுக்குள் போகமாட்டார், முதலில் சாமான் அறைக்குப் போவார். அரிசி மூட்டையும் வெங்காய மூட்டையும் கண்டபடி கிடந்தால் பொறுக்காது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழுவதையும் பிரித்து அடுக்குவார். "கனம் கீழே, நடுவிலே. வெங்காயத்துக்குக் காத்து வேணும், அடியிலே போட்டா வேகும். உப்புப் பக்கத்திலே கருப்பட்டியை வைக்கிறவன் மனுசனா?" என்று பிள்ளைகளான எங்களைக் கூப்பிட்டுக் காட்டுவார்.

இது ஏதோ வயசானவரின் பழக்கம் என்று பெரியவர்கள் நினைத்தார்கள். எனக்குப் புரிய வெகுநாளாயிற்று. மரத்தோணியில் அடுக்குவதில் தப்பு நடந்தால் அது கரையில் தெரியாது. நடுக்கடலில், மேற்கேயிருந்து வரும் கச்சான் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது, ஒரு மூட்டை நகரும். அது அடுத்ததைத் தள்ளும். தோணி ஒருபக்கம் சாயும். சாய்ந்தால் இன்னும் நகரும். அப்புறம் பாயை இறக்கியும் பயனில்லை. புயலில் போன தோணி என்று ஊர் சொல்லும். சரியாக அடுக்காததால் போன தோணி அது என்று தண்டலுக்குத் தெரியும். உங்கள் அப்பா ஒரு மணி நேரம் சொல்கிறாரே பஞ்சுப்பொதி, அதற்குள்தான் நீங்கள் கேட்ட புயல் இருக்கிறது. பஞ்சு கனம் குறைவு, இடம் அதிகம் பிடிக்கும். அதை மட்டும் ஏற்றினால் தோணி போதுமான அளவு அமிழாது, மேல்பாரம் ஆகிவிடும். அடியில் எதைப் போட்டார், எத்தனை வரிசை உயர்த்தினார், நனையாமல் எப்படி மூடினார்? கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

கப்பலுக்கும் தோணிக்கும் இடையே சரக்கை ஏற்றி இறக்குவது இன்னொரு வித்தை. மேலே கப்பல் அசையாமல் நிற்பதுபோல இருக்கும், கீழே தோணி அலையில் ஏறி இறங்கும். சரக்கை மேலே தூக்கும்போது அலையின் உச்சியில் கொக்கியை மாட்ட வேண்டும். தோணி இறங்கும்போது மாட்டினால் கயிறு வெடுக்கென்று இழுக்கும், விரல் போகும். மாமாவின் இடதுகையில் இரண்டு விரல் பாதியோடு நின்றிருந்தன. போக வர நேரமும் காற்றுதான் குறித்துக் கொடுக்கும்: விடிகாலையில் கரையிலிருந்து வீசும் காற்றில் வெளியே போவது, மத்தியானம் கடற்காற்று கிளம்பியதும் பாரத்தோடு திரும்புவது. படிக்காதவர் என்று இனி எழுதாதீர்கள். காற்றைப் பார்த்து நேரம் சொல்லவும், மூட்டையைத் தொட்டு எடை சொல்லவும் நீங்களும் நானும் எந்தப் பள்ளியில் படித்தோம்?

கோர்வை இல்லை என்பதும் அப்படித்தான். அவர் ஆண்டுக்கணக்கில் சொல்லமாட்டார், சரக்குக்கணக்கில் சொல்வார். பஞ்சு, பனந்தும்பு என்கிற பனைநார், நிலாவாரை என்கிற மருந்து இலை, உப்பு, வெங்காயம். ஒவ்வொரு சரக்காகக் கேளுங்கள். எங்கிருந்து வந்தது, யார் சுமந்தார்கள், கூலி எப்படிப் பிரித்தார்கள், கணக்குப்பிள்ளை யார். கொழும்பில் சரக்கு இறங்கும் வரை எத்தனை நாள் காத்திருந்தார்கள், எங்கே சாப்பிட்டார்கள். இன்று கன்டெய்னர் பெட்டியில் வரும் சரக்கை ஒரு பகலுக்குள் இறக்கி ஏற்றிக்கொண்டு கப்பல் போய்விடுகிறது. மாலுமிக்கு ஊரைப் பார்க்க நேரமே கிடைப்பதில்லை. காத்திருந்த நாட்களில்தான் உங்கள் அப்பா கொழும்பை அறிந்திருப்பார்.

அம்மா இருக்கிறார்களா? கடிதத்தில் அவரைப் பற்றி எதுவும் இல்லை. மே நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை தோணி கடலுக்குப் போகக்கூடாது என்பது பழைய விதி. கச்சான் பலமாக அடிக்கும் மாதங்கள். தோணியைக் கரையில் போட்டுப் பலகை இடுக்கில் பஞ்சு அடைப்பார்கள். ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், ஆகஸ்ட் 5 பனிமயமாதா திருவிழாவுக்குப் புதுச்சட்டையும் வேண்டும். வருமானம் கிடையாது. அந்த 4 மாதமும் வீட்டை ஓட்டியது எங்கள் மாமி. எந்தக் கடையில் கடன், எதை அடகு வைத்தார், தோணி மறுபடி இறங்கியதும் முதலில் எதை மீட்டார் என்பதெல்லாம் மாமியின் விரல்நுனியில் இருந்தது. மாமாவுக்கு அதில் பாதிகூடத் தெரியாது.

எனவே போனை அப்பாவிடமிருந்து எடுத்து ஒரு சாயங்காலம் அம்மாவின் முன்னால் வையுங்கள். கச்சான் மாதத்துக் கடைக்கணக்கை முதலில் கேளுங்கள். அப்பா பக்கத்திலேயே இருக்கட்டும், குறுக்கே பேசுவார், பேசட்டும். பஞ்சுப்பொதிப் பதிவை அழித்துவிடவில்லையே? எனக்கு அனுப்புங்கள், ஒரு மணி நேரத்தையும் கேட்கிறேன்.