சிக்னலில் நின்றால் மட்டும் ஏறும் சூடு

வணக்கம் நண்பரே. ஹைவேயில் காரின் டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நிற்கிறது, கிண்டி பக்கம் நெரிசலில் மாட்டினால் மட்டும் மேலே ஏறுகிறது, மெக்கானிக் இன்ஜின் சூட்டை வெளியேற்றும் ரேடியேட்டரையே மாற்றச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். உடனே மாற்றிவிடாதீர்கள். வண்டி வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும், நிற்கும்போது அந்த வேலையை ஃபேன்தான் செய்ய வேண்டும், அதனால் என் முதல் சந்தேகம் அதன் மேல்தான்.

இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஏசியைப் போட்டு பானட்டைத் திறந்து பாருங்கள், கையை மட்டும் உள்ளே விடாதீர்கள். பெரும்பாலான கார்களில் ஏசி ஓடினால் ஃபேனும் சுற்றும். சுற்றவில்லையா, ஃபியூஸ், ரிலே (ஃபேனுக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்), அப்புறம் மோட்டார் என்ற வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். சுற்றினால் ரேடியேட்டரின் முன்பக்கம் மண், பூச்சி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) அளவு அதன் டேங்கின் இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்க வேண்டும். குறைந்துகொண்டே போனால் எங்கோ ஒழுகுகிறது. போர் தண்ணீர் ஊற்றவே வேண்டாம், உப்பு படிந்து உள்ளே அடைத்துவிடும். சூடாக இருக்கும்போது எந்த மூடியையும் திறக்காதீர்கள், கொதிநீர் முகத்தில் பீய்ச்சும்.

மறுபடி முள் ஏறினால் ஏசியை அணைத்து ஹீட்டரை முழுதாக வையுங்கள், வியர்த்தாலும் பரவாயில்லை, இன்ஜின் சூட்டைக் கொஞ்சம் அது இழுத்துக்கொள்ளும். சிவப்பைத் தொட்டால் ஓரங்கட்டி நிறுத்திவிடுங்கள், வீடு பக்கம்தானே என்று ஓட்டினால் ஹெட் கேஸ்கட் (இன்ஜினின் மேல் பாகத்துக்கும் கீழ் பாகத்துக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு) போய்விடும், அந்தச் செலவு ரேடியேட்டரை விடப் பெரிது.