தொதலில் கஞ்சா சேர்த்து அப்பாவின் முழங்கால் வலிக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: திருக்கோவிலில் இருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 71 வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டதாக எக்ஸ்ரே பார்த்துச் சொன்னார்கள். இரவில் வலியால் நித்திரை இல்லை. பிரஷருக்கும், புரோஸ்டேட் வீக்கத்துக்கும் குளிசை எடுக்கிறார். கனடாவில் இருக்கும் அக்கா, கஞ்சா கலந்த ஜெலி இனிப்பு ஒன்றை இரவில் சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்குகிறாராம். இங்கே ஒருவர் இலை தருவதாகச் சொல்கிறார். அம்மா தொதல் கிண்டுவதில் கெட்டிக்காரி. அதில் சேர்த்துவிட்டால் அப்பாவுக்குத் தெரியாமலே கொடுத்துவிடலாம். எவ்வளவு இலை போடவேண்டும் டொக்டர்?

பதில்: தம்பி, அப்பா இரவில் புரண்டு புரண்டு படுப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல்தான் எழுதியிருக்கிறீர்கள் என்பது விளங்குகிறது. ஆனாலும் கொடுக்காதீர்கள். அவருக்குத் தெரியாமல் கொடுப்பதை நினைத்தும் பார்க்காதீர்கள். ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன். வலிக்கு என்ன செய்யலாம் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அக்காவின் ஜெலியை எடுத்துக்கொள்வோம். கனடாவில் 2019 ஒக்டோபரில் இருந்து கஞ்சா கலந்த உணவுகளை விற்கச் சட்டம் அனுமதிக்கிறது. ஒரு பொதிக்குள் இருக்கும் டிஎச்சி, அதாவது போதை தரும் பொருள், 10 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது அங்குள்ள விதி. ஆய்வுகூடத்தில் அளந்து, அளவை உறையில் அச்சிட்டுத்தான் கடைக்கு அனுப்புவார்கள். உங்களுக்கு ஒருவர் தருவதாகச் சொல்லும் இலை அப்படி அல்ல. காட்டுச் சேனையில் விளைந்ததா, கடல் வழியாக வந்த கேரளக் கஞ்சாவா, இலையா, பூங்கொத்தா என்பதைப் பொறுத்து அதன் வீரியம் பல மடங்கு மாறும். நூற்றுக்குப் பத்துப் பங்கு டிஎச்சி உள்ள பூவில் ஒரு கிராமுக்குள் 100 மில்லிகிராம் அடங்கியிருக்கிறது. கனடாவில் பத்துப் பொதிகளில் பிரித்து விற்கவேண்டிய அளவு அது. வயதானவர்களுக்கு மருந்தாகக் கொடுக்கும் இடங்களில் 2.5 மில்லிகிராம் அளவில்தான் தொடங்குவார்கள். இலையைக் கையில் பிடித்துப் பார்த்து இந்த வித்தியாசத்தை உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் சொல்ல முடியாது.

அடுத்தது தாச்சி. தொதல் கிண்டியவர்களுக்கு இது உடனே விளங்கும். தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் அரிசிமாவும் இறுகி, அகப்பையில் ஒட்டாமல் திரண்டு வரும் நேரத்தில் எண்ணெய் பிரிந்து ஓரமெல்லாம் மினுங்கும். அதை வழித்து எடுத்து ஒரு கோப்பையில் வைப்போம். மிச்சம் தட்டின் ஓரத்தில் கசிந்து நிற்கும். டிஎச்சி தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். ஆகவே அது மாவோடு நிற்காமல் அந்த எண்ணெயோடு போகும். நடுவில் வெட்டிய துண்டில் கொஞ்சமாகவும், ஓரத்துத் துண்டில் பல மடங்காகவும் இருக்கலாம். வழித்தெடுத்த எண்ணெயில் அம்மா மறுநாள் எதையாவது பொரித்தால், எதுவும் அறியாத ஒருவர் அதைச் சாப்பிடுவார். பச்சை இலையில் இருப்பது பெரும்பாலும் போதை தராத அமில வடிவம். சூடு பட்டுத்தான் அது டிஎச்சியாக மாறுகிறது. எவ்வளவு நேரம், எவ்வளவு சூடு என்பதைப் பொறுத்து அந்த மாற்றமும் கூடிக் குறையும். விறகடுப்பில் அதை யார் அளப்பது? “போன முறை ஒன்றும் செய்யவில்லையே” என்று சொல்லிக்கொண்டு இந்த முறை இலையைக் கூட்டிப் போடுவது இதனால்தான் ஆபத்து. அந்தக் காலத்தில் வேட்டை இறைச்சிக் கறிக்கு இரண்டு இலை போட்டோம், எதுவும் ஆகவில்லை என்று பெரியவர்கள் சொல்வதும் இந்தக் கணக்கில்தான் வரும்.

இனி உடம்புக்குள் நடப்பது. புகையாக இழுத்தால் சில நிமிடங்களில் தலைக்கு ஏறும், இரண்டு மூன்று மணித்தியாலத்தில் இறங்கத் தொடங்கும். சாப்பிட்டால் அது குடலைக் கடந்து முதலில் ஈரலுக்குப் போகிறது. ஈரல் அதை மூளைக்குள் இன்னும் இலகுவாக நுழையக்கூடிய வேறொரு பொருளாக மாற்றுகிறது. அதனால் உண்ட கஞ்சா பிந்தித்தான் வேலைசெய்யத் தொடங்கும், தொடங்கினால் அழுத்தமாக இருக்கும், நீண்ட நேரம் நிற்கும். அரை மணித்தியாலத்தில் இருந்து இரண்டு மணித்தியாலம் வரை ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். உச்சம் வர மூன்று நான்கு மணித்தியாலம் ஆகலாம். சிலருக்கு அடுத்த நாள் மதியம் வரை மந்தம் தெளியாது.

உங்கள் வீட்டில் இது எப்படி நடக்கும் என்று பார்ப்போம். எட்டு மணிக்கு அப்பா ஒரு துண்டு சாப்பிடுகிறார். ஒன்பது மணிக்கும் வலி அப்படியே இருக்கிறது. ருசியாக இருக்கிறதே என்று இன்னொரு துண்டு கேட்கிறார். அவருக்குத்தான் உள்ளே இருப்பது தெரியாதே. பதினொரு மணிக்கு இரண்டு துண்டும் சேர்ந்து ஏறுகிறது. நெஞ்சு படபடக்கிறது, வாய் காய்கிறது, சுவர் நகர்வதுபோல் இருக்கிறது. தனக்கு என்ன நடக்கிறது என்றே தெரியாத ஒரு முதியவருக்கு அது மாரடைப்பின் பயத்தைத் தரும். இரண்டு மணிக்குச் சலம் கழிக்க எழும்புகிறார். கஞ்சா, படுக்கையில் இருந்து எழும்பும்போது இரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கிவிடக்கூடியது. பிரஷர் குளிசையும் இறக்கும், புரோஸ்டேட்டுக்குக் கொடுக்கும் டாம்சுலோசின் போன்ற குளிசைகளும் இறக்கும். மூன்றும் சேர்ந்து, இருட்டில், முற்றத்தைக் கடந்து மலசலகூடத்துக்குப் போகும் வழியில் கண் இருண்டு விழுந்தால் உடைவது பெரும்பாலும் இடுப்பெலும்பு. முழங்கால் வலியோடு நடந்த மனிதர் அதன் பிறகு படுக்கையில்தான். இடுப்பெலும்பு உடைந்து வந்த எத்தனையோ அப்பாக்களை வார்டில் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் பழையபடி எழும்பி நடந்ததில்லை. இந்தப் பதிலை நான் இவ்வளவு நீட்டுவதும் அதனால்தான்.

இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்களும், வலிப்புக்கு மருந்து எடுப்பவர்களும் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். கஞ்சாவில் உள்ள பொருட்கள் அந்த மருந்துகளின் அளவை இரத்தத்தில் கூட்டிவிடக்கூடியவை.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. அலுமாரியில் தொதல் இருக்கிறது என்றால் பிள்ளைகளின் கை அங்கே போகாமல் இருக்குமா? பெரியவருக்குத் தலைசுற்றலாக முடிவது, நாலு வயதுப் பிள்ளைக்கு எழுப்ப முடியாத மயக்கமாகவும் மூச்சுத் தளர்வாகவும் முடியலாம். அப்படி எங்காவது நடந்தால் தேசிக்காய்த் தண்ணீர், மோர், புளிக்கரைசல் என்று வாயில் ஊற்றாதீர்கள். மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போகும். வாந்தி எடுக்கவும் வைக்காதீர்கள். பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைத்து, 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். மிஞ்சிய துண்டையும் கையோடு கொண்டுபோங்கள். பொலிஸுக்குப் பயந்து “என்ன சாப்பிட்டான் என்று தெரியாது” என்று சொல்லிவிட்டால், நாங்கள் மூளைக்காய்ச்சலா, பூச்சிமருந்தா என்று தேடி மணித்தியாலங்களை இழப்போம். பிள்ளைக்கு வீணாக முதுகில் ஊசியும் குத்தவேண்டி வரும். உண்மையைச் சொல்லுங்கள்.

சட்டத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இலங்கையில் 1929ஆம் ஆண்டின் நஞ்சுகள், அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டத்தின்படி கஞ்சாவை வைத்திருப்பதே குற்றம். வீட்டுத் தேவைக்கு என்று விலக்கு இல்லை. அக்கா ஊருக்கு வரும்போது பெட்டிக்குள் அந்த ஜெலியை வைத்துக் கொண்டுவருவதும் கூடவே கூடாது. கனடாவின் எல்லையைக் கடந்து கஞ்சாவைக் கொண்டுபோவதை அந்த நாட்டுச் சட்டமே தடுக்கிறது. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பிடிபட்டால் அது நாட்டுக்குள் கடத்திய வழக்கு.

“சித்த வைத்தியத்தில் கஞ்சா இருக்கிறதே” என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. சித்தத்திலும் ஆயுர்வேதத்திலும் அதைச் சுத்தி செய்து, வேறு பல சரக்குகளோடு சேர்த்து, சில லேகியங்களில் சிறிய அளவில் பயன்படுத்துகிறார்கள். பதிவுபெற்ற வைத்தியர்கள் ஆயுர்வேதத் திணைக்களத்தின் அனுமதியோடு அதைப் பெறச் சட்டத்தில் இடமும் இருக்கிறது. அந்த வழியில் போக விரும்பினால் அரச சித்த வைத்தியசாலைக்கு அப்பாவை அழைத்துச் செல்லுங்கள். அவர் எடுக்கும் ஆங்கில மருந்துகளின் பெயர்களையும் அங்கே காட்டுங்கள். பெட்டிக்கடையில் மறைத்து விற்கும், கஞ்சா கலந்த மதனமோதக உருண்டைகளை அதே மருந்து என்று நம்பி வாங்கவேண்டாம்.

கஞ்சாவில் மருத்துவப் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. புற்றுநோய் மருந்தால் வரும் வாந்திக்கும், பிள்ளைகளுக்கு வரும் சில அரிய வலிப்புகளுக்கும் அதிலிருந்து எடுத்த அல்லது அதைப்போலச் செய்த மருந்துகள் பல நாடுகளில் அனுமதி பெற்றிருக்கின்றன. தேய்ந்த முழங்காலுக்கு அது உதவும் என்பதற்கு அப்படிப்பட்ட பலமான சான்று கிடையாது.

இனி வலிக்கு வருவோம். முழங்கால் தேய்வுக்கு மிகவும் உதவுவது தொடைத் தசையைப் பலப்படுத்துவது. நாற்காலியில் நிமிர்ந்து இருந்து, ஒரு காலை முழங்காலில் நேராக நீட்டி, தொடை இறுகுவதை உணர்ந்தபடி ஐந்து எண்ணும்வரை வைத்து, மெதுவாக இறக்கவேண்டும். ஒரு காலுக்குப் பத்துத் தடவை, காலையும் மாலையும். முதல் வாரம் அலுப்பாக இருக்கும். ஆறு வாரம் விடாமல் செய்தபின் படியேறுவதில் வித்தியாசத்தை அவரே சொல்வார். வலி கூடிய இரவுகளில் டைக்ளோபினாக் ஜெல்லை முழங்காலில் பூசலாம். அதே மருந்தைக் குளிசையாகக் கடையில் வாங்கித் தொடர்ந்து விழுங்கக்கூடாது. பிரஷர் உள்ளவரின் சிறுநீரகத்தை அது கெடுக்கும். வலி நடுச்சாமத்தில்தான் எழுப்புகிறது என்றால், பரசிட்டமோலைப் படுக்கப்போகும் நேரத்துக்கு மாற்றலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். நித்திரை கெடுவதற்கு வலி மட்டும்தான் காரணமா, சலம் கழிக்க எத்தனை தடவை எழும்புகிறார் என்பதையும் நான்கு இரவுகள் எண்ணி எழுதி வையுங்கள். மாலை ஆறு மணிக்குப் பிறகு தேநீரை நிறுத்திப் பாருங்கள்.

அடுத்த கிளினிக் நாளில் அப்பா எடுக்கும் குளிசைகள் எல்லாவற்றையும், அட்டையோடும் போத்தலோடும், ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பிசியோதெரபி பிரிவுக்குக் கடிதம் கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே ஏதாவது ஒரு துண்டு கொடுத்துப் பார்த்திருந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள். அதற்கு முன்பு, வீட்டுக்குப் போனதும், அப்பாவிடம் சொல்லுங்கள்.