பேசக் கூச்சப்படும் பெண் வீடு விற்பாளா?

ஐயா,

உங்கள் கடிதத்தில் இரண்டு கவலைகள் இருந்தன. பட்டப்படிப்பு முடித்த மகள் ரியல் எஸ்டேட் ஏஜென்ட் ஆகப்போகிறேன் என்கிறாள், அதில் மாதச் சம்பளம் கிடையாது என்பது ஒன்று. நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே தயங்குகிறவள் எப்படி வீடு விற்பாள் என்பது இன்னொன்று. இரண்டாவதை விட்டுவிடுங்கள். முதலாவது நியாயமான கவலை.

வாய்ச் சாமர்த்தியம் இருந்தால் போதும் என்று இந்தத் தொழிலுக்கு வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். வீடு தேடி வருகிறவர் தனக்கு என்ன வேண்டும் என்பதை நேராகச் சொல்வதில்லை. "மூன்று அறை வேண்டும்" என்பார். வீட்டில் இருக்கும் வயதான அம்மாவால் மாடிப்படி ஏற முடியாது என்பது நாலாவது வீட்டைப் பார்க்கும்போதுதான் வெளிவரும். முதல் நாளே நிதானமாகக் கேட்டுத் தெரிந்துகொள்கிற ஏஜென்டுக்கு மூன்று நடை மிச்சம். அப்புறம், இது பாதி காகித வேலை. விற்பவர் பெயரில்தான் சொத்து இருக்கிறதா, கூட்டு உரிமையாளர்கள் எல்லோரும் சம்மதித்தார்களா, அடமானக் கடன் பாக்கி உண்டா, பத்திரத்தில் இருக்கும் அளவு தரையிலும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சட்ட நுணுக்கத்தை வக்கீல் பார்த்துக்கொள்வார். ஆனால் சந்தேகம் முதலில் ஏஜென்டுக்கு வர வேண்டும். "கூரை ஒழுகவே ஒழுகாது" என்று அடித்துப் பேசி விற்றுவிட்டுப் பிறகு வழக்கில் மாட்டியவர்கள் உண்டு. "தெரியவில்லை, விசாரித்துச் சொல்கிறேன்" என்பவரிடம்தான் பார்ட்டி திரும்பி வருவார். உங்கள் மகள் அப்படிச் சொல்கிற ரகம் என்றுதான் உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குத் தோன்றியது.

சரி, பணத்துக்கு வருவோம்.

ஒரு விற்பனையில் கமிஷன் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்குபவர் பக்கம் வேறு ஏஜென்ட் இருந்தால் பாதி அங்கே போகும். மீதி 50-இல் நிறுவனம் தன் பங்கை எடுக்கும். புதியவரிடம் 40 சதவீதம் எடுத்தால் கையில் நிற்பது 30. அதிலிருந்துதான் வரி, வண்டிச் செலவு, போன், விளம்பரம் எல்லாம். அந்த 30-உம் உடனே வராது. பார்ட்டி கிடைத்து, வீடு பிடித்து, பேரம் படிந்து, வங்கிக் கடன் கிடைத்து, பதிவு முடியும்வரை மாதங்கள் ஓடும். கடைசி வாரத்தில் கடன் மறுக்கப்பட்டால் அத்தனை நடையும் வீண். அதனால் என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது: குறைந்தது ஆறு மாதச் செலவுக்குப் பணம் ஒதுக்காமல் இறங்க வேண்டாம், ஒன்பது மாதத்துக்கு இருந்தால் நிம்மதி. அந்தப் பணத்தை நீங்கள் தருவதாக இருந்தால் தொகையையும் கெடுவையும் இப்போதே பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாதா மாதம் கேட்டு வாங்க வைப்பது அவளுக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம்.

சம்பளத்தோடு தொடங்கவும் வழி இருக்கிறது. ஏஜென்சி அலுவலக உதவியாளர், வாடகை வீடுகளைப் பராமரிக்கும் பிரிவு, வங்கியின் வீட்டுக்கடன் பிரிவு என்று எதில் ஒரு வருடம் இருந்தாலும் வீண்போகாது. ஏஜென்டாகவே தொடங்கினாலும் முதலில் வாடகை வீடுகளைப் பிடிக்கட்டும். கமிஷன் சிறியது, ஆனால் சீக்கிரம் முடியும். இன்று வாடகைக்கு வருபவரே நாளை வாங்க வருவார்.

உரிம விதிகள் நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலமே மாறும். டெக்சாஸில் தேர்வு எழுதுமுன் 180 மணி நேரப் பாடம் படித்திருக்க வேண்டும். சிங்கப்பூரில் தேர்வு எழுதி, உரிமம் பெற்ற ஏஜென்சி ஒன்றின் வழியாகப் பதிவு செய்ய வேண்டும். இந்தியாவில் 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி, பதிவான திட்டங்களில் மனையோ வீடோ விற்றுத்தர முகவரும் பதிவு செய்தாக வேண்டும். பிரிட்டனில் உரிமத் தேர்வு இல்லை, ஆனால் நுகர்வோர் குறைதீர்ப்புத் திட்டம் ஒன்றில் சேராமல் வீடு விற்றுத்தர முடியாது. எங்கே தொழில் செய்யப்போகிறாளோ அந்த ஊர் ஒழுங்குமுறை அமைப்பின் தளத்தில் நேராகப் பாருங்கள். பயிற்சி நிலைய விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

நிறுவனத்தில் சேருமுன் அவள் கேட்க வேண்டியவை: பங்கு எவ்வளவு, அலுவலகத்தில் இடம் தருவதற்கு மேசைக் கட்டணம் என்று மாதா மாதம் பிடிப்பார்களா, விளம்பரச் செலவு யாருடையது, முதல் சில விற்பனைகளில் கூட நிற்கும் மூத்தவர் யார். முக்கியமாக, நடுவில் விலகினால் பாதியில் நிற்கும் விற்பனைகளின் கமிஷன் யாருக்கு? என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவர் இதைக் கேட்கவில்லை. விலகிய பிறகு முடிந்த மூன்று விற்பனைகளுக்கு அவருக்கு ஒன்றும் வரவில்லை. ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது, அவர் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தார்.

நீங்கள் கடிதத்தில் எழுதாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் இருந்திருக்கும். காலி வீட்டை முன்பின் தெரியாதவருக்குத் தனியாகக் காட்டுவது இந்தத் தொழிலில் அன்றாட வேலை. முதல் சந்திப்பு அலுவலகத்தில்தான் என்று வைத்துக்கொள்ளட்டும். அடையாள அட்டை நகலை வாங்கிவிட்டு, எந்த வீடு, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று சக ஊழியரிடம் சொல்லிவிட்டுப் போகட்டும். வெளிச்சம் இருக்கும்போதே காட்டட்டும். அறைக்குள் பார்ட்டி முதலில் நுழைய, அவள் வாசல் பக்கமே நிற்கட்டும். ஆண்களுக்கும் இதையேதான் சொல்கிறேன். இதைக் கேட்டுச் சலித்துக்கொள்ளும் மேலாளர் இருக்கும் நிறுவனம் வேண்டாம். அதோடு, பார்ட்டி தரும் அட்வான்ஸ் பணத்தைத் தன் கையிலோ தன் கணக்கிலோ ஒருநாளும் வாங்கக் கூடாது.

தேர்வுக்குப் பணம் கட்டுமுன் ஒரு வேலை செய்யுங்கள். விற்பனைக்கு இருக்கும் மூன்று நாலு வீடுகளை இருவரும் போய்ப் பாருங்கள். வாங்கும் எண்ணம் இல்லை, மகள் இந்தத் தொழிலுக்கு வர நினைக்கிறாள் என்று ஏஜென்டிடம் முன்பே சொல்லிவிடுங்கள். சிலர் மறுப்பார்கள், சிலர் சந்தோஷமாகக் கூட்டிப்போவார்கள். அங்கே கேள்விகளை அவளே கேட்கட்டும். நீங்கள் திரும்பி வரும்வரை வாய் திறக்காதீர்கள்.