டெஸ்ட் ஃபெயில் ஆனதா? முதலில் மெசேஜைப் பாருங்கள்

மென்பொருள் டெஸ்ட் பற்றிய தர்மபுரி, கிருஷ்ணகிரி வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (ஓசூர்): ஒரே டெஸ்டில் ஏழெட்டு அசர்ட் (விடை சரியா என்று பார்க்கும் வரி). முதலாவது விழுந்ததும் நின்றுவிடுகிறது. மீதி நிலவரம் தெரிவதில்லை, சார்.

பதில்: ஜாவா டெஸ்ட் கருவியான ஜேயூனிட் 5-இல் அசர்ட்ஆல் இருக்கிறது. எல்லாவற்றையும் ஓட்டிவிட்டு, விழுந்ததை மொத்தமாகச் சொல்லும். சம்பந்தமில்லாத அசர்ட்களைத் தனி டெஸ்டாகப் பிரியுங்கள்.

கேள்வி (காவேரிப்பட்டணம்): மாம்பழக் கூழ் ஆலைக்குக் கொள்முதல் பில் மென்பொருள் எழுதுகிறோம். டெஸ்ட் விழுந்தால் 'எக்ஸ்பெக்டட் ட்ரூ பட் வாஸ் ஃபால்ஸ்' என்று மட்டும் வருகிறது.

பதில்: ட்ரூவா ஃபால்ஸா என்று மட்டும் பார்க்கும் அசர்ட்ட்ரூவுக்குள் ஒப்பீட்டைத் திணித்தால் இப்படித்தான் வரும். எத்தனை முறை சொன்னாலும் இந்தப் பழக்கம் போக மாட்டேன் என்கிறது. தொகைகளை நீங்களே ஒப்பிட்டு முடித்துவிட்டீர்கள். கருவியின் கைக்குப் போனது ஃபால்ஸ் மட்டும்தான். இரண்டும் சமமா என்று தானே ஒப்பிடும் அசர்ட்ஈக்வல்ஸ் போடுங்கள், இரண்டு எண்ணும் வரும். ஜேயூனிட்டில் எதிர்பார்த்தது முதலில், கிடைத்தது அடுத்து. வரிசை மாறினால் மெசேஜே தப்பான வழி காட்டும். பைத்தான் டெஸ்ட் கருவியான பைடெஸ்டில் வெறும் அசர்ட்டே இரண்டு பக்க மதிப்பையும் காட்டிவிடும்.

அப்புறம், உள்ளீட்டையும் மெசேஜில் சேருங்கள். 'பெங்களூரா மாம்பழம் 12 டன், டன்னுக்கு 15,000 ரூபாய், கழிவு 2 சதவீதம். எதிர்பார்த்தது 1,76,400, கிடைத்தது 1,80,000.' கழிவைப் பிடிக்கவே இல்லை என்பது நிரலைத் திறக்காமலே தெரிகிறதா? விவசாயிக்கும் ஆலைக்கும் நடுவில் ஓடும் பணம் இது. அவசரத்தில் பார்ப்பவருக்கும் புரிகிற மாதிரி எழுதுங்கள்.

கேள்வி (அரூர்): டெஸ்ட் ஃபெயில் ஆகிறது. உடனே பதில் தேவை.

பதில்: எந்த டெஸ்ட்? என்ன மெசேஜ்? கடைசியாக எதை மாற்றினீர்கள்? மூன்றையும் எழுதி அனுப்புங்கள், பார்க்கலாம்.

கேள்வி (பாலக்கோடு): நள்ளிரவுக்கு மேல் ஓடினால் விழுகிறது, காலை பத்து மணிக்கு பாஸ். விழுந்தால் தானே மறுபடி ஓடும்படி ரீரன் போட்டு வைக்கலாமா?

பதில்: வேண்டாம். ரீரன் காரணத்தை மூடிவிடும். உங்கள் சர்வர் யூடிசியில் (உலகப் பொது நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால்) ஓடுகிறதா பாருங்கள். அப்படியென்றால் நம் நேரம் காலை ஐந்தரை வரை அதற்கு நேற்றைய தேதிதான். மெசேஜில் நேரத்தையும் டைம்சோனையும் அச்சிடுங்கள். டெஸ்டுக்கு நிலையான தேதி கொடுங்கள்.

கேள்வி (ஊத்தங்கரை): பிரவுசரைத் தானாக இயக்கும் செலினியத்தில் 'எலிமெண்ட் இல்லை' (பக்கத்தில் தேடிய பட்டன், பெட்டி போன்றது இல்லை) என்கிறது, கையால் பார்த்தால் இருக்கிறது.

பதில்: விழுந்த அந்த நொடியிலேயே ஸ்கிரீன்ஷாட், பேஜ் சோர்ஸ் (பக்கத்தின் எச்டிஎம்எல்) இரண்டையும் சேமியுங்கள். பாதி நேரம் படத்தில் லாகின் பக்கம்தான் நிற்கும்.

கேள்வி (பென்னாகரம்): ரேண்டம் டேட்டா வைத்த டெஸ்ட் எப்போதாவது விழுகிறது.

பதில்: ரேண்டம் சீட் எண்ணை (ரேண்டம் டேட்டா எதிலிருந்து பிறக்கிறதோ அந்தத் தொடக்க எண்) மெசேஜில் போடுங்கள். அதே எண்ணைக் கொடுத்து மறுபடி ஓட்டினால் அதே டேட்டா வரும். இங்கேயும் ரீரன் வேண்டாம்.