எஞ்சின் ஹேண்டிலை நீட்டலாமா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என்னிடம் இருப்பது 14 அடி ஃபைபர் படகு, பின்னால் மாட்டும் 5 எச்.பி. அவுட்போர்டு எஞ்சின். எண்ணூர் முகத்துவாரத்துக்கு உள்ளேயே தனி ஆளாகப் போய் வருகிறேன். எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்தால் அணியம் (படகின் முன்பகுதி) தூக்கிக்கொள்கிறது, முன்னால் எதுவும் தெரிவதில்லை. முன்னால் தள்ளி உட்கார்ந்து ஓட்ட, ஹேண்டிலில் மாட்டி நீட்டும் எக்ஸ்டென்ஷன் கைப்பிடி கடையில் விற்கிறது, விலை கட்டுப்படியாகவில்லை. பி.வி.சி. பைப்பில் நானே செய்துகொள்ள முடியுமா?
– வாசகர், எண்ணூர்

பதில்: தாராளமாகச் செய்யலாம், அரை நாள் வேலைகூட இல்லை. ஆனால் பைப் வாங்கக் கிளம்பும் முன்னால், வீட்டில் கிடக்கும் 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டை நிரப்பி, அணியத்தில் நகராமல் கட்டிவிட்டு ஒரு சுற்று போய்ப் பாருங்கள். எஞ்சின், பெட்ரோல் டேங்க், நீங்கள் என்று மொத்தக் கனமும் பின்னால் குவிந்திருக்கும்போது முன்னால் 40 கிலோ ஏறினாலே படகு நன்றாகப் படியும். நங்கூரம், கயிறு, வலை எல்லாவற்றையும் முன்னுக்குத் தள்ளுங்கள். அதிலேயே சரியாகிவிட்டால் பைப் வேண்டாம். இல்லை, எழுந்து நின்று ஓட்டினால்தான் மணல் திட்டு கண்ணில் படுகிறது என்றால் மேலே படியுங்கள்.

முதலில் அளவு. ஹேண்டிலில் ஆக்சிலேட்டருக்காகத் திருகும் ரப்பர் பிடியைச் சுற்றி ஒரு நூலைப் பிடித்து, அந்த நீளத்தை 3.14-ஆல் வகுங்கள். நூல் 11 செ.மீ. வந்தால் விட்டம் 35 மி.மீ. கடையில் போய் வெறும் "40 பைப்" என்று கேட்டுவிடாதீர்கள், மி.மீ. கணக்கில் விற்கும் பி.வி.சி. பைப்புக்கு அது வெளி அளவு, உள்ளே எவ்வளவு இருக்கும் என்பது பைப் சுவரின் தடிமனைப் பொறுத்தது. பிடியின் அளவுக்கு வெட்டிய அட்டையைக் கையோடு கொண்டுபோய் உள்ளே விட்டுப் பார்த்து வாங்குவதுதான் நிம்மதி. சென்னை செம்புதாஸ் தெருவில் பைப் கிடைக்கும், பைப்பைச் சுற்றி இறுக்கும் ஹோஸ் கிளிப்புக்குப் புதுப்பேட்டை போதும், ஆனால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று கேட்டு வாங்குங்கள், சாதா கிளிப் உப்புத் தண்ணீரில் சீக்கிரமே துருப்பிடித்து இறுகிவிடும்.

பைப்பின் ஒரு முனையில் எதிரெதிராக இரண்டு கீறல், பிடியின் நீளத்துக்கு. கீறல் முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு துளை போட்டுவிடுங்கள், இல்லையென்றால் விரிசல் அங்கிருந்து மேலே ஓடும். பைப் கொஞ்சம் டைட்டாக இருந்தால் அந்த முனையைக் கொதிக்கும் தண்ணீரில் பிடித்தால் இளகிக் கொடுக்கும், லூஸாக இருந்தால் பழைய சைக்கிள் டியூபை வெட்டிப் பிடியில் சுற்றிக்கொள்ளலாம். அப்புறம் இரண்டு கிளிப் போட்டு இறுக்குங்கள், திருகுத் தலைகள் கையைக் கிழிக்காமல் மேலே டேப் சுற்றுங்கள்.

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. பைப் திரும்புகிற பிடியை மட்டும்தான் கவ்வ வேண்டும், அதற்குப் பின்னால் இருக்கும் அசையாத பகுதியை ஒரு விரற்கடைகூடத் தொடக்கூடாது. தொட்டால் ஆக்சிலேட்டர் பாதியில் சிக்கி நிற்கும், வேகம் கூடிய நிலையிலும் சிக்கலாம். கரையில் எஞ்சினை அணைத்து வைத்துக்கொண்டு முழுக்கத் திருகி, திரும்பவும் ஸ்லோவுக்குக் கொண்டுவந்து பாருங்கள். சில எஞ்சின்களில் நிறுத்தும் பொத்தான் ஹேண்டில் நுனியிலேயே இருக்கும், அப்படியானால் இந்த வேலையே வேண்டாம்.

நீளம் இரண்டரை அடிக்கு மேல் போகாதீர்கள். நீண்டால் பைப் வளையும், திரும்பும்போது முனை படகின் பக்கச்சுவரிலோ உங்கள் விலாவிலோ இடிக்கும். அதன்மேல் சாய்ந்து நிற்கவும் கூடாது, நீளம் கூடக்கூட உங்கள் கனம் ஹேண்டில் மடங்கும் மூட்டில் நெம்புகோலாக இறங்கும்.

இப்போது அந்தச் சிவப்புக் கயிறு. நீங்கள் தண்ணீரில் விழுந்தால் எஞ்சினை அணைக்கும் கில் ஸ்விட்ச் கயிறு, பின்னால் உட்காருபவருக்காக அளந்தது. முன்னால் நகர்ந்தால் எட்டாது, உடனே நம் ஆட்கள் அதைக் கழற்றி எஞ்சினிலேயே சுற்றி வைத்துவிட்டுப் போவார்கள். அவுட்போர்டு ஆக்சிலேட்டர், கையை எடுத்ததும் தானாகக் குறையும் பைக் ஆக்சிலேட்டர் மாதிரி இல்லை. விட்ட இடத்திலேயே நிற்கும், ஆள் இல்லாத படகு வட்டமடித்து விழுந்தவர் மேலேயே வரும். அதனால் இழுபடாத நைலான் கயிறு ஒரு துண்டு சேர்த்து, நீங்கள் உட்காரும் இடத்துக்குச் சரியாக எட்டும் அளவுக்கு மட்டும் நீட்டுங்கள். எஞ்சின் ஸ்லோவில் ஓடும்போது பக்கவாட்டில் நகர்ந்து இழுத்துப் பாருங்கள், அணைய வேண்டும். தொங்கலாக விட்டால் இருந்தும் பயனில்லை.

கியர் லீவர் எஞ்சின் பக்கத்திலேயேதான் இருக்கும், பைப் அதற்கு உதவாது. ஆகவே கரை நெருங்கும்போதும் வலைகளுக்கு நடுவே போகும்போதும் பின்னால் போய் உட்காருங்கள்.

கேள்வி: அலுமினியப் பைப் ஒன்று சும்மா கிடக்கிறது, அதைப் போடலாமா? ஹேண்டிலில் துளை போட்டு போல்ட் அடித்தால் உறுதியாக இருக்கும் என்கிறார் நண்பர்.
– வாசகர், கோவளம்

பதில்: நண்பர் சொன்னதைக் கேட்காதீர்கள். ஆக்சிலேட்டரைத் திருப்பும் கம்பியோ கேபிளோ ஹேண்டிலுக்கு உள்ளேதான் ஓடுகிறது, துளை நேராக அதில் போய் இறங்கும். அலுமினியம் பி.வி.சி.யைவிட வளையாது, போடலாம். ஆனால் ஸ்டெயின்லெஸ் கிளிப்போடு உப்புத் தண்ணீரில் சேர்ந்திருந்தால் அலுமினியம் அரிக்கும், நடுவில் ரப்பர் துண்டு வைத்துக் கட்டுங்கள், வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

கேள்வி: பி.வி.சி. எத்தனை நாள் தாங்கும்?
– வாசகர், பட்டினப்பாக்கம்

பதில்: நம் ஊர் வெயிலில் கிடந்தால் வெளுத்து, பொடி உதிர்ந்து, ஒரு நாள் பட்டென்று ஒடியும். பெயின்ட் அடித்தால் கொஞ்சம் தாங்கும். கரைக்கு வந்ததும் எஞ்சினைத் தூக்கும் முன் கழற்றி நிழலில் வையுங்கள். துளைக்குப் பக்கத்தில் வெள்ளைக் கோடு தெரிந்தால் அன்றே தூக்கிப் போட்டுவிட்டுப் புதுத் துண்டு வெட்டுங்கள்.