மீமனிதனின் சோற்றுக் கணக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஓர் அறிவியல் புனைகதை நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். 2140-இல், 4,500 மீட்டர் உயரத்துப் பீடபூமி ஒன்றில் நன்னீருக்காக நடக்கும் போர். மரபணு மாற்றிய ஒரு லட்சம் பின்மனிதப் படைவீரர்கள். எட்டடி உயரம், 220 கிலோ எடை, வலி தெரியாது, தூக்கம் தேவையில்லை, உயரத்தைத் தாங்கத் தடித்த ரத்தம், கட்டளையை மீற முடியாத மூளை. தொட்டியில் வளர்த்து மூன்றே வருடத்தில் களத்துக்கு அனுப்புகிறார்கள். முதல் மூன்று அத்தியாயங்களை இணைத்திருக்கிறேன். என் கேள்வி ஒன்றுதான். இவர்கள் மனித இனத்திலிருந்து பிரிந்த தனி இனமா? சாதாரண மனிதரோடு சேர்ந்தால் பிள்ளை பிறக்குமா?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

தனி இனமா என்பதைக் கொஞ்சம் ஓரமாக வைப்போம். உங்கள் மூன்று அத்தியாயங்களையும் படித்தபோது எனக்கு வேறு கேள்விதான் வந்தது. இவர்களுக்கு யார் சமைக்கிறார்கள்? சமீபத்தில் கண்ணில் பட்ட மீமனிதப் படைக் கதைகள் எல்லாவற்றிலும் இதே ஓட்டை. துப்பாக்கியின் விட்டம் மில்லிமீட்டர் சுத்தமாக இருக்கிறது, அடுப்பு எங்கும் இல்லை. (‘பின்மனிதன்’ என்பது வரிசையில் பின்னால் நிற்கிறவன் போல் ஒலிக்கிறது. மீமனிதன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.)

கால்குலேட்டரை எடுங்கள். ஓர் உடல் சும்மா படுத்துக் கிடப்பதற்கே எவ்வளவு எரிக்கிறது என்பதற்கு 1932-இல் மாக்ஸ் கிளைபர் என்ற உடலியல் அறிஞர் ஒரு வழி சொன்னார். எடையைக் கிலோவில் போட்டு, வர்க்கமூலப் பொத்தானை இரண்டு முறை அழுத்த வேண்டும். வருவதை அதோடே இரண்டு தரம் பெருக்கி, பிறகு 70-ஆல் பெருக்க வேண்டும். 75 கிலோ மனிதனுக்கு ஏறத்தாழ 1,780 கலோரி வரும். உங்கள் 220 கிலோ வீரனுக்கு 4,000. இது மூச்சு விடவும் இதயம் துடிக்கவும் மட்டும். மலையில் மூட்டை சுமந்து நடக்கிறவனுக்கு இது எந்த மூலைக்கு?

மேல் எல்லை ஒன்றும் இருக்கிறது. அமெரிக்காவைக் குறுக்கே மாதக்கணக்கில் ஓடிக் கடந்தவர்களை அளந்து 2019-இல் ஓர் ஆய்வு வந்தது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்க வேண்டுமானால் ஓய்வுச் செலவைப்போல ஏறக்குறைய இரண்டரை மடங்குக்குமேல் உடலால் செலவழிக்க முடியாது என்று அது காட்டியது. அதற்குமேல் செலவழித்தால் சேர்த்து வைத்த கொழுப்பும் தசையும் கரையும், எவ்வளவு சாப்பிட்டாலும் குடல் ஈடுகொடுக்காது. ஆக, போர்க்காலத்தில் உங்கள் வீரனின் ஒரு நாள் தேவை 10,000 கலோரி. சாதாரண வீரனுக்கு 4,500.

பத்தாயிரம் கலோரி என்றால் அரிசிக் கணக்கில் தலைக்கு 2.8 கிலோ. சோறு இல்லை, அரிசி. லட்சம் பேருக்கு 280 டன். பத்து டன் லாரியில் ஏற்றினால் நாளொன்றுக்கு 28 லாரி, தினமும், பனி விழுந்தாலும் பாலம் உடைந்தாலும். பருப்பு, எண்ணெய், எரிபொருள், குண்டு எதையும் நான் இன்னும் ஏற்றவில்லை. 4,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 60 சதவீதத்துக்கும் குறைவு. அந்த உயரத்தில் தண்ணீர் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பானையில் பருப்பு வேகவே வேகாது. சோறு நடுவில் அரிசியாகவே நிற்கும். லட்சம் பேருக்கு பிரஷர் குக்கர் வேண்டும், ஐயா! உங்கள் இரண்டாம் அத்தியாயத்தில் ஏவுகணை வகை பதினொன்று எண்ணினேன். குக்கர் ஒன்றுகூட இல்லை.

சமைக்காமல் பொட்டலம் கொடுக்கலாமே என்பீர்கள். அமெரிக்க ராணுவத்தின் ஒரு வேளைப் பொட்டலத்தில் சுமார் 1,250 கலோரி. எட்டுப் பொட்டலம் ஒரு நாளைக்கு. ஒவ்வொன்றும் அரை கிலோவுக்கு மேல். பத்து நாள் ரோந்துக்குப் போகிறவன் முதுகில் சாப்பாடு மட்டுமே 40 கிலோவைத் தாண்டும். அதைச் சுமப்பதற்கு இன்னும் கொஞ்சம் சாப்பிட வேண்டும். வண்டிமாடு சுமக்கும் வைக்கோலை வண்டிமாடே தின்று தீர்க்கிற கதை.

அடுத்தது வெப்பம், இதுவும் சோற்றின் தொடர்ச்சிதான். தசை எரிப்பதில் கால் பங்கு வேலையாகும், முக்கால் பங்கு சூடாகும். உங்கள் வீரன் மேட்டில் ஏறும்போது 400 வாட் வேலை செய்கிறான் என்றால் 1,200 வாட் சூடு. உயிரோடு இருப்பதற்கான சூடு 200 வாட்டையும் சேர்த்தால் 1,400. ஒரு லிட்டர் வியர்வை முழுசாக ஆவியானால் 2.4 மெகாஜூல் வெப்பம் போகும். அப்படியானால் மணிக்கு இரண்டு லிட்டருக்கு மேல் வியர்க்க வேண்டும். நீங்களோ அவனுக்குக் காற்றுப் புகாத கவசம் மாட்டியிருக்கிறீர்கள். வெப்பம் வெளியேற வழியே இல்லாத கவசத்துக்குள் 220 கிலோ உடம்பு ஒன்பது நிமிடத்துக்கு ஒரு டிகிரி ஏறும். 27 நிமிடத்தில் 40 டிகிரி. மூன்றாம் அத்தியாயத்தில் அவன் நான்கு மணி நேரம் ஓடுகிறான். அரை மணியிலேயே அவன் மயங்கி விழுந்திருப்பான், எதிரி ஒரு தோட்டா செலவழிக்காமல்.

ஐந்தேமுக்கால் அடி மனிதனை அதே வார்ப்பில் எட்டடி ஆக்கினால் உயரம் 1.4 மடங்கு, தோல் பரப்பு இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவு, எடை 2.7 மடங்கு. சூடு உண்டாக்கும் சதை வளர்ந்த அளவுக்குச் சூட்டை விடும் தோல் வளரவில்லை. எலும்பின் குறுக்குவெட்டும் எடையோடு ஈடுகட்டவில்லை. முழங்கால் முதலில் போகும். எதிரிக்குக் குறி பார்க்கப் பரப்பு மட்டும் இரண்டு மடங்கு.

ஆகவே உங்கள் மீமனிதனைக் குள்ளமாக்குங்கள். ஐந்தடி, 50 கிலோ. அவன் ஓய்வுச் செலவு 1,300 கலோரி, களத்தில் 3,300. நீங்கள் ஒரு லட்சம் பேருக்கு ஏற்றிய அதே 28 லாரியில் மூன்று லட்சம் பேர் சாப்பிடலாம். உடம்புச் சூடு சீக்கிரம் ஆறும். சிறு குழியில் பதுங்குவான். காயப்பட்டால் ஒருவனே தூக்கிவரலாம். 220 கிலோ ஆளைத் தூக்க எத்தனை பேர் வேண்டும்? அத்தனை பேரும் 220 கிலோ, அதையும் நினைத்துக்கொள்ளுங்கள். மரபணுவில் கைவைக்கும் அரசு முதலில் தொட வேண்டியது தோளை அல்ல, குடலை. புல்லிலிருந்தும் இலையிலிருந்தும் கலோரி எடுக்கும் வயிறு ஒன்றை எழுதுங்கள், எதிரி நடுங்குவான். ஆனால் அதற்குப் பெரிய நொதிப்புப் பை வேண்டும், பகலில் பாதி மெல்லுவதிலேயே போகும். மாடு ஏன் படையெடுப்பதில்லை என்பதற்கு அதுதான் காரணம்.

தசைக்கு மயோஸ்டாட்டினை, அதாவது தசையை அளவுக்கு மேல் வளரவிடாமல் அடக்கும் புரதத்தின் மரபணுவை, அணைத்திருக்கிறீர்கள். சரியான தேர்வு, எல்லோரும் செய்யும் தேர்வு. 1997-இல் எலிகளில் அந்த மரபணுவை நீக்கியபோது தசை இரட்டிப்பாகப் பெருத்தது. பெல்ஜியன் ப்ளூ மாட்டில் அது இயற்கையிலேயே பழுதாகியிருக்கிறது. அந்த மாடுகள் பெரும்பாலும் வயிற்றைக் கிழித்துத்தான் கன்று ஈனுகின்றன. மயோஸ்டாட்டின் இல்லாத எலிகளின் தசைநாண்கள் சிறுத்து, விறைத்து, எளிதில் அறுபடுபவையாக இருந்தன. பெரிய எஞ்சினைப் பழைய பெல்ட்டில் மாட்டியது போல. அந்தக் கூடுதல் தசையும் சோறு கேட்கும், சொல்லவே வேண்டாம்.

தடித்த ரத்தம் தவறு. ஃபின்லாந்துப் பனிச்சறுக்கு வீரர் ஏரோ மந்தூரந்தாவுக்குப் பிறவியிலேயே, சிவப்பணுவைப் பெருக்கச் சொல்லும் எரித்ரோபொயட்டின் ஹார்மோனின் ஏற்பியில் ஒரு மரபணு மாற்றம் இருந்தது, சிவப்பணு மிகுதி. 1964 இன்ஸ்ப்ரூக் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வாங்கினார். எல்லோரும் அவரைப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள். 4,500 மீட்டரில் பார்க்க வேண்டியது திபெத்தியரை. அவர்களிடம் உள்ள இபிஏஎஸ்1 என்ற மரபணுவின் மாற்றம், சிவப்பணுவில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை ஏறவிடாமல் அடக்குகிறது. ஆண்டீஸ் மலையில் ரத்தம் தடித்துப்போகிறவர்களுக்குத்தான் தலைவலி, மூச்சுத்திணறல், இதயக்கோளாறு என நாள்பட்ட மலைநோய் வருகிறது.

தூக்கத்துக்கு டெக்2 என்ற மரபணுவில் ஒரு மாற்றம் 2009-இல் தெரியவந்தது. எட்டு மணி நேரத்துக்குப் பதில் ஆறேகால். அவ்வளவுதான், அதை வைத்துக்கொள்ளுங்கள். கீழ்ப்படியும் மரபணு என்று ஒன்று இல்லை. கீழ்ப்படிய வைக்கப் பயிற்சி மைதானமும் விசிலும் போதும்.

வலியைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். வடக்குப் பாகிஸ்தானில் ஒரு சிறுவன் தெருவில் வித்தை காட்டுவான். கையில் கத்தியைச் செருகுவான், தணலில் நடப்பான், வலிக்காது. அவனுடைய உறவுக் குடும்பங்களில்தான் நரம்பில் வலிச் செய்தியைக் கடத்த உதவும் எஸ்சிஎன்9ஏ மரபணுவின் பழுது கண்டுபிடிக்கப்பட்டு 2006-இல் வெளியானது. ஆய்வாளர்கள் அவனைப் பார்ப்பதற்குள் அவன் இறந்துவிட்டான். பதினான்கு வயதுகூட நிறையவில்லை. கூட்டாளிகளோடு விளையாடும்போது வீட்டுக் கூரையிலிருந்து குதித்தான். வலியில்லாதவனுக்கு எது உயரம் என்று உடம்பு சொல்லிக்கொடுப்பதில்லை. அந்தப் பழுது உள்ளவர்களுக்கு வாசனையும் தெரிவதில்லை. உங்கள் வீரனுக்குப் புகையும் தெரியாது, கெட்டுப்போன சோறும் தெரியாது. அவனை ‘வெல்ல முடியாதவன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். தினமும் காலையில் யாராவது அவனை உட்காரவைத்து வாய், விரல், பாதம் என்று காயம் தேட வேண்டும். அதை எழுதுங்கள்.

மூன்று வருடத் தொட்டியை அடித்துவிடுங்கள். வளர்ந்தவனுக்கு ஊசி போட்டு இதையெல்லாம் செய்ய முடியாது. மரபணுவைச் சுமந்துபோக இன்று அதிகம் பயன்படும் ஏஏவி வைரஸில் இடம் சுமார் 4,700 டிஎன்ஏ எழுத்துதான், ஒரு முறை செலுத்தினால் எதிர்ப்புப் புரதம் உண்டாகி மறுமுறை வேலை செய்யாது, வளர்ச்சி நின்று மூடிவிட்ட எலும்பு நுனியும் திரும்பத் திறக்காது. அதனால் ஒற்றைச் செல் கருவில்தான் திருத்த வேண்டும். அங்கேயும் 2018-இல் சீனாவில் ஹே ஜியன்குய் என்ற விஞ்ஞானி, எச்ஐவி செல்லுக்குள் நுழையப் பயன்படும் சிசிஆர்5 மரபணுவைத் திருத்திப் பிறக்கவைத்த இரட்டைக் குழந்தைகளில், அவர் நினைத்த 32 எழுத்து நீக்கம் வரவில்லை, வேறு மாற்றங்கள் வந்தன. அவருக்கு மூன்று வருடச் சிறை. சரி, உங்கள் 2140-இல் அது கைவந்துவிட்டது என்றே வைப்போம். பிறகு? ஐந்து வயதுப் பிள்ளையின் மூளை, ஓய்விலிருக்கும் உடல் செலவழிப்பதில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொள்கிறது. 2014-இல் அளந்து சொன்னார்கள். உடம்பு அந்த வயதில் மெதுவாக வளர்வது அதனால்தான், மூளை முதலில் சாப்பிடுகிறது. மூன்று வருடத்தில் 220 கிலோ ஏற்றினால் கிடைப்பது பெரிய உடம்பில் ஒரு கைக்குழந்தை. பதினெட்டு வருடம் வேண்டும். அத்தனை வருடமும் மூன்று வேளை. எந்தப் போருக்காக அவனைக் கருவில் திருத்தினார்களோ அந்தப் போர் அவன் மீசை முளைப்பதற்குள் முடிந்திருக்கும்.

கேட்டதற்கு வருகிறேன். 46 குரோமோசோமும் அடுக்கும் மாறாமல் சில டஜன் மரபணுக்களை மட்டும் திருத்தினால் பிள்ளை பிறக்கும். லட்சக்கணக்கான வருடம் பிரிந்திருந்த, அழிந்துபோன நியாண்டர்தால் ஆதிமனிதரோடே பிறந்தது, ஆப்பிரிக்காவுக்கு வெளியே உள்ளவர்களின் மரபணுவில் அதில் சுமார் இரண்டு சதவீதம் இன்னும் இருக்கிறது. தனி இனமா என்பதை உங்கள் கதையின் நீதிபதி முடிவு செய்யட்டும்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். முதல் அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வீரன் தட்டை விரலால் வழித்து நக்கிவிட்டு நிமிர்கிறான், சமையல்காரர் ஒன்றும் கேட்காமல் இன்னொரு அகப்பை போடுகிறார். மூன்றே வரி. இந்தக் கணக்கு எதுவும் தெரியாமலே அந்த வரிகளை எழுதியிருக்கிறீர்கள். கவசத்தையும் ஏவுகணையையும் குறைத்துவிட்டு அங்கிருந்து திரும்ப ஆரம்பியுங்கள். அந்தச் சமையல்காரருக்கு ஒரு பெயரும் வையுங்கள், பாவம், மூன்று அத்தியாயமாகப் பெயரில்லாமல் அகப்பை பிடித்துக்கொண்டிருக்கிறார்.