மூன்று அணுவுக்கு ஒன்பது வருஷம்

கேள்வி: ஒரு நொடிகூட நிற்காத தனிமங்களை உண்டாக்கி, பெயர் சூட்டி, அட்டவணையில் கட்டம் நிரப்புகிறார்கள். கண்ணால் பார்க்க முடியாது, கையில் எடுக்க முடியாது. எப்படி நம்புவது? இது விஞ்ஞானமா, நாடுகளின் கௌரவப் போட்டியா?

பதில்: போட்டிதான், சந்தேகமே இல்லை. ஆனால் போட்டியாளர்கள் இருப்பதால்தான், 'எப்படி நம்புவது' என்று உங்களைவிடக் கறாராகக் கேட்க ஆள் இருக்கிறது. 1999இல் அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வகம் 118ஆம் தனிமத்தைக் கண்டுவிட்டதாக அறிவித்தது (கருவில் எத்தனை புரோட்டானோ, அதுதான் தனிமத்தின் எண்). ஜெர்மனியிலும் ஜப்பானிலும் செய்து பார்த்தார்கள், ஒன்றும் வரவில்லை. பெர்க்லியே பழைய பதிவுகளைத் தோண்டியது. தரவு புனையப்பட்டிருந்தது. அறிவிப்பை வாபஸ் வாங்கினார்கள்.

113இன் கதையைக் கேளுங்கள். ஜப்பானின் ரிக்கென் நிறுவனத்தில் கொசுகே மொரிட்டாவின் குழு, துத்தநாகக் கருக்களை ஒளிவேகத்தில் பத்தில் ஒரு பங்குக்கு முடுக்கி பிஸ்மத் படலத்தில் மோதவிட்டது. துத்தநாகத்தின் 30ம் பிஸ்மத்தின் 83ம் சேர்ந்தால் 113, கணக்கு சுலபம். கிடைத்ததோ 2004 ஜூலையில் ஓர் அணு, 2005 ஏப்ரலில் இன்னொன்று. அப்புறம் ஏழு வருஷம் வெறுங்கை. மூன்றாவது வந்தது 2012 ஆகஸ்டில்.

பிறந்த அணு சிலிக்கான் உணர்கருவியில் போய்ப் புதைகிறது. அதே இடத்திலிருந்து ஆல்ஃபா துகள்களை (ஒவ்வொன்றிலும் இரண்டு புரோட்டான், இரண்டு நியூட்ரான்) ஒவ்வொன்றாக உமிழ்ந்து 111, 109, 107 என்று இறங்குகிறது. முதல் இரண்டு அணுக்களும் 105க்கு வந்ததும் இரண்டாகப் பிளந்துவிட்டன. மூன்றாவது மட்டும் 101 வரை இறங்கியது. கடைசிப் படிகளில் வந்தவை ஏற்கெனவே தெரிந்த கருக்கள். பேரனின் சாடையை வைத்துத் தாத்தாவைக் கண்டுபிடித்த மாதிரிதான். அப்படியும் சர்வதேச அங்கீகாரம் 2015 டிசம்பரில்தான் வந்தது.

'ஒரு நொடிகூட நிற்காத' என்பதையும் கொஞ்சம் திருத்திக்கொள்ளுங்கள். ஒரே தனிமத்தில் நியூட்ரான் எண்ணிக்கை மாறும் வகைகள்தான் ஐசோடோப்புகள். 112ஆம் தனிமத்தில் நிறை எண் (புரோட்டானும் நியூட்ரானும் சேர்ந்த எண்ணிக்கை) 277 உள்ள ஐசோடோப்பின் அரை ஆயுள், அதாவது பாதி அணுக்கள் சிதைய ஆகும் நேரம், ஒரு மில்லிநொடிக்கும் குறைவு. எட்டு நியூட்ரான் கூடுதலாக உள்ள 285க்கோ சுமார் அரை நிமிடம்! நியூட்ரான் எண்ணிக்கை 184ஐ நெருங்க நெருங்க ஆயுள் கூடும் என்று 1960களிலேயே கணக்குப் போட்டுச் சொன்னார்கள். அந்த 184ஐ இன்னும் யாரும் எட்டவில்லை.

சரி, அன்று சூடுபட்ட பெர்க்லி இப்போது என்ன செய்கிறது? 120ஐத் தேடத் திட்டமிடுகிறது. மோதவிடும் தன் டைட்டானியக் கருக்களின் கற்றை அதற்குத் தாங்குமா என்று பார்க்க, முதலில் ஏற்கெனவே தெரிந்த 116ஐச் செய்து பார்த்து, 2024இல் முடிவை அறிவித்தது: 22 நாள் மோதல், இரண்டு அணு.